தக்காளிப் பேணியும் சோயாக் கப்பலும்

1996 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே இங்கிலாந்தின் பேரங்காடிகள் சிலவற்றின் தட்டுகளில் புதியதொரு தக்காளிக்களிப் பேணி வந்தமர்ந்தது. செயின்ஸ்பரி, சேஃப்வே என்னும் இரு நிறுவனங்கள் அதனை விற்றன. மரபணு மாற்றிய தக்காளியிலிருந்து செய்யப்பட்டது என்று பேணியின் முகத்திலேயே, எவரும் காணத்தக்கவாறு, அச்சிட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் சாதாரணத் தக்காளிக்களியும் இருந்தது. விலை இரண்டுக்கும் 29 பென்சுதான். ஆனால் பழைய பேணியில் இருந்தது 142 கிராம். புதிய பேணியில் இருந்ததோ 170 கிராம். வாங்க வந்தோர் இரண்டையும் எடுத்துப் பார்த்தனர், எழுதியிருந்ததைப் படித்தனர், பலர் புதிய பேணியையே கூடையில் இட்டுச் சென்றனர். மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 18 இலட்சம் பேணிகள் விலைப்பட்டன.

1999 ஆம் ஆண்டில் அப்பேணி தட்டுகளை விட்டு மறைந்தது, பின்னர் மீளவில்லை. தக்காளி மாறவில்லை, அது தீங்கு செய்தது என்று எவரும் நிறுவவுமில்லை. மாறியது வாங்குவோர் மனம். அது மாறியதற்குக் காரணம் தக்காளியும் அன்று. முதற்பேணி விற்பனைக்கு வந்த அதே ஆண்டின் இறுதியில் ஐரோப்பியத் துறைமுகங்களை வந்தடைந்த சில சோயாக் கப்பல்களிலேதான் அக்காரணத்தைத் தேடவேண்டும்.

கப்பலுக்கு முன் தக்காளியைப் பற்றிச் சில சொற்கள். கனிந்த தக்காளி மெதுமெதுவென்று ஆவதற்கு அதனுள் சுரக்கும் நொதியம் ஒன்று காரணம். அந்நொதியத்தை ஆக்கும் மரபணுவின், அதாவது பரம்பரையலகின், ஒரு கூற்றைத் தக்காளிக்குள்ளேயே மீண்டும் புகுத்தினால் அதன் தொழில் அடங்கிப்போகும் என்பதை நொட்டிங்காம் பல்கலைக்கழக அறிஞர்கள் கண்டனர். செனெக்கா என்னும் நிறுவனம் அவ்வழியைப் பின்பற்றிக் கலிபோர்ணியாவில் தக்காளி பயிரிட்டது. அப்பழத்தில் நீர் கட்டுப்பட்டு நின்றமையால் அதனைக் களியாகக் காய்ச்சுவதற்குச் செலவு குறைந்தது. ஆகவேதான் அதே விலைக்கு 28 கிராம் கூடுதலாகக் கொடுக்க முடிந்தது. இதற்கு ஏறக்குறைய ஈராண்டின் முன், 1994 மே மாதத்தில், கல்ஜீன் என்னும் அமெரிக்க நிறுவனம் இதே நோக்கத்துடன் ஆக்கிய பழத்தக்காளியைக் கலிபோர்ணியாவில் விற்றது. மரபணு மாற்றிய முழு உணவுப்பொருள் ஒன்று கடைத்தெருவுக்கு வந்தது அதுவே முதன்முறை. அதனை வீழ்த்தியது வாங்குவோரின் அச்சம் அன்று. விளைச்சலும் போக்குவரத்துச் செலவும் கைகொடுக்காமையால் அது சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று.

இரண்டிலும் விற்றவர் மறைக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பேணியிலே எழுதியிருந்தது. விரும்பியவர் எடுத்தனர், விரும்பாதவர் பக்கத்திலிருந்ததை எடுத்தனர்.

சோயாவின் கதை வேறு. களைகொல்லி தெளித்தாலும் சாகாத சோயாச் செடியை மொன்சாந்தோ என்னும் அமெரிக்க நிறுவனம் ஆக்கியிருந்தது. மண்ணில் வாழும் பற்றீரியா ஒன்றின் மரபணுவைச் செடிக்குள் புகுத்தியதனால் அத்திறன் அதற்கு வாய்த்தது. 1996 ஆம் ஆண்டின் இளவேனிலில் அமெரிக்க உழவர் அதனை முதன்முதல் விதைத்தனர். அவ்வாண்டு அந்நாட்டுச் சோயா நிலத்தில் அது நூற்றுக்கு இரண்டு பங்கு மட்டுமே. அவ்வாண்டு ஏப்பிரலில் ஐரோப்பிய ஒன்றியம் அதன் இறக்குமதிக்கு அனுமதி அளித்தது. அறுவடைக்குப் பின் அந்த இரண்டு பங்கும் மற்றத் தொண்ணூற்றெட்டுப் பங்கோடு கலந்தது.

அது கலந்த விதத்தை அறியாமல் பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள முடியாது. அமெரிக்காவின் நடுநிலத்தில் ஓர் உழவன் சோயாவை அறுத்தால் மூட்டை கட்டி வைப்பதில்லை. வண்டியில் கொட்டி, அண்மையிலுள்ள தானியக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோகிறான். வானளாவி நிற்கும் அக்களஞ்சியத்தின் வாய்க்குள் அவனுடைய தானியமும் அயலவன் தானியமும் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்கின்றன. அங்கே தரம் பார்ப்பது ஈரமும் தூசியும் உடைசலும் பற்றித்தான். எவன் வயலில் எந்த வித்து முளைத்தது என்று எவரும் கேட்பதில்லை. களஞ்சியத்திலிருந்து மிசிசிப்பி ஆற்றின் வத்தைகளுக்கும், வத்தைகளிலிருந்து கடற்கப்பலுக்கும் அது பாய்கிறது. உலகில் மலிவாகத் தானியம் கிடைப்பதற்கு இந்த ஒழுங்கே பெருங்காரணம். பெயரற்ற தானியமே மலிவான தானியம்.

1996 நவம்பரில் அக்கப்பல்கள் ஹம்பேர்க் முதலிய துறைமுகங்களை அடைந்தபோது, சூழல் காக்கும் இயக்கத்தினர் படகுகளில் சென்று மறித்தனர். கடைக்காரரோ அதற்கு முன்பே கவலை கொண்டிருந்தனர். மாற்றிய சோயாவையும் மாற்றாத சோயாவையும் பிரித்து அனுப்புமாறு ஐரோப்பியச் சில்லறை வணிகர் சங்கங்கள் கேட்டன. பிரிப்பது இயலாது, செலவு தாங்காது என்று விடை வந்தது. இரண்டும் ஒன்றே, வேறுபாடு இல்லை, ஆகவே பிரிக்கவேண்டிய தேவையும் இல்லை என்றும் கூறினர்.

இங்கே சோயாவின் இயல்பு கதையை இன்னும் சிக்கலாக்கிற்று. தக்காளிக்களி ஒரு பேணிக்குள் அடங்கும். சோயாவோ எங்கும் பரவிக் கிடப்பது. அதன் எண்ணெய் மாஜரீனிலும் பிஸ்கட்டிலும் உண்டு. அதிலிருந்து எடுக்கும் இலெசிதின் சொக்கலேற்றைக் குழையவைக்கிறது. அதன் மா பாணுக்குள் சேர்கிறது. அதன் புரதம் இறைச்சிக் குழல்களில் கலக்கிறது. பிண்ணாக்கு கோழிக்கும் பன்றிக்கும் உணவாகிறது. பதப்படுத்திய உணவுகளில் நூற்றுக்கு அறுபதில் சோயா ஏதோ ஓர் உருவில் இருக்கிறது என்று அக்காலத்தில் அடிக்கடி கூறப்பட்டது. ஆகவே, தக்காளிப் பேணியை வேண்டாமென்று தள்ளக்கூடியவருக்குச் சோயாவைத் தள்ள வழி இருக்கவில்லை. பேணியில் ஒன்றும் எழுதப்படவில்லை. எழுதுவதற்கு ஆலைக்காரனுக்கே ஒன்றும் தெரியாது.

இது வேறொரு காலத்தில் நிகழ்ந்திருந்தால் ஒருவேளை சலசலப்பின்றிக் கடந்திருக்கும். ஆனால் பிரித்தானிய மக்கள் அப்பொழுதுதான் ஓர் அதிர்ச்சியிலிருந்து மீளாதிருந்தனர். ‘பைத்தியப் பசு நோய்’ என்று அவர்கள் அழைத்த மாட்டுநோய் 1986 இல் இனங்காணப்பட்டது. மாட்டிறைச்சியால் மனிதருக்கு ஆபத்தில்லை என்று அரசாங்கம் ஆண்டுதோறும் உறுதி கூறிவந்தது. 1990 இல் வேளாண்மை அமைச்சர் ஒருவர் ஒளிப்படக் கருவிகளின் முன் தம் சிறுமகளுக்கு மாட்டிறைச்சி அடையை ஊட்ட முயன்று காட்டினார். 1996 மார்ச் 20 ஆம் நாள், அந்நோய்க்கும் மனிதரைக் கொல்லும் மூளைநோய் ஒன்றுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அதே அரசாங்கம் பாராளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சோயா இறக்குமதிக்கு அனுமதி கிடைத்தது இதற்கடுத்த சில வாரங்களிலே. அச்சமில்லை என்று அதிகாரிகள் சொன்னபோது, அச்சொல்லையே கேட்டு முன்னர் ஏமாந்தவர்கள் அதனை எவ்வாறு எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதை ஊகித்தல் கடினமன்று.

அச்சங்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. ஒவ்வாமை பற்றிய அச்சம் அடிப்படையுள்ளது. கால்நடை உணவை மேம்படுத்தும் பொருட்டு, பிரேசில் கொட்டையின் புரதம் ஒன்றை ஆக்கும் மரபணுவைச் சோயாவில் புகுத்திய நிறுவனம் ஒன்று, அதனைச் சோதித்துப் பார்க்குமாறு நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தாரைக் கேட்டது. பிரேசில் கொட்டை ஒவ்வாதவர்களின் குருதிநீர் அந்தச் சோயாவையும் இனங்கண்டு எதிர்த்தது. 1996 இல் இம்முடிவு வெளியாயிற்று. அச்சோயா சந்தைக்கு வரவேயில்லை. ஓர் உணவிலிருந்து மற்றோர் உணவுக்கு ஒவ்வாமையும் குடிபெயரலாம் என்பதற்கு இது சான்று. சோதனை முன்கூட்டியே நடந்தால் அதனைத் தடுக்கலாம் என்பதற்கும் இதுவே சான்று. இருதரப்பாரும் தத்தமக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்காட்டி வந்தனர்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் சில பயிர்களில் அடையாளத்துக்காகச் சேர்க்கப்பட்டிருந்தன. அவை நோய்க்கிருமிகளுக்குத் தாவினால் என்னாகும் என்ற வினா எழுந்தது. அம்பிசிலினை எதிர்க்கும் மரபணு உள்ள மக்காச்சோளம் ஒன்றைப் பற்றிப் பிரித்தானிய அரசின் ஆலோசனைக் குழுவே ஐயம் தெரிவித்தது. களைகொல்லியின் எச்சம், அயற்செடிகளோடு மகரந்தம் கலத்தல், வித்துரிமை சில நிறுவனங்களின் கைக்குள் ஒடுங்குதல் என வேறு கவலைகளும் இருந்தன. இவை உடல்நலம் பற்றிய வினாக்கள் அல்லவாயினும் கடையில் நின்று பேணியைப் புரட்டிப் பார்ப்பவரின் மனத்தில் அவையும் இருந்தன.

எல்லாவற்றிலும் பெரிய புயலை எழுப்பியது ஓர் உருளைக்கிழங்கு. அபடீன் நகரத்து ரோவெற் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஆர்பட் பூஸ்தாய் என்னும் மூத்த அறிஞர், 1998 ஓகஸ்டில் தொலைக்காட்சியில் தோன்றி, மரபணு மாற்றிய கிழங்கைத் தின்ற எலிகளின் வளர்ச்சியும் நோயெதிர்ப்பும் குன்றின என்று கூறினார். சில நாட்களுள் அவர் பணியிலிருந்து நிறுத்தப்பட்டார். அவருடைய ஆராய்ச்சி குறையுடையது, அதிலிருந்து முடிபு எதனையும் பெறமுடியாது என்று பிரித்தானிய அறிஞர் கழகமான ரோயல் சொசைற்றி 1999 யூனில் அறிவித்தது. அவ்வாண்டு ஒக்டோபரில், கண்டனங்களையும் உடன்சேர்த்து, இலான்செற் மருத்துவ இதழ் அதில் ஒரு பகுதியை வெளியிட்டது. சோதிக்கப்பட்ட கிழங்கு எக்கடையிலும் விற்கப்பட்டதன்று, விற்கப்படவும் இருக்கவில்லை. ஆயினும் ஒரு முதியவர் உண்மை பேசியதற்காக வாயடைக்கப்பட்டார் என்றே மக்கள் எண்ணினர். அவருடைய முடிவு தவறாக இருந்திருக்கலாம். அவரை நடத்திய முறை, அத்தவறு பரவுவதற்கு அவர் பேச்சைக் காட்டிலும் கூடுதலாக உதவியது.

பிற்கால ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதையும் இங்கே கூறிவிடுதல் முறை. சந்தையிலுள்ள மரபணு மாற்றிய உணவுகளை ஆராய்ந்த அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகங்கள் 2016 இல் வெளியிட்ட பேரறிக்கையில், அவை மற்ற உணவுகளினும் ஆபத்தானவை என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை என்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலையும் அதுவே. ஒவ்வொரு பயிரையும் தனித்தனியே சோதிக்க வேண்டும், மொத்தமாக நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லுதல் தகாது என்றும் அந்நிறுவனம் வற்புறுத்துகிறது.

ஆனால் 1998 இன் பிரித்தானியாவிலே வாங்குவோர் கேட்டது இதனை அன்று. “எது எதில் இருக்கிறது?” என்பதே அவர்கள் வினா. கடைகளுக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. ஐஸ்லாந்து என்னும் பெயருடைய அங்காடி நிறுவனம் தன் பெயரில் விற்கும் பண்டங்களிலிருந்து மரபணு மாற்றிய பொருள்களை 1998 இல் நீக்கியது. மற்றவர் முதலில் அதனை விளம்பர உத்தி என்று கருதினர். 1999 இன் முற்பகுதியில் நாளிதழ்கள் யாவும் இதே பேச்சாயின. மார்ச் மாதத்தில் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சரும் செயின்ஸ்பரியும் அவ்வழியிற் சென்றன. ஏப்பிரல் இறுதியில், ஒருசில நாட்களுக்குள், யுனிலீவரின் பிரித்தானியக் கிளையும் நெஸ்லேயின் பிரித்தானியக் கிளையும் ரெஸ்கோவும் அதே முடிவை அறிவித்தன. அவ்வாண்டு டிசெம்பரில் வெளிவந்த செய்தி ஒன்று பலரையும் நகைக்க வைத்தது. மொன்சாந்தோ நிறுவனத்தின் பிரித்தானியத் தலைமையகத்துச் சிற்றுண்டிச்சாலையை நடத்திய ஒப்பந்தக்காரர், தம் உணவுகளிலிருந்து மரபணு மாற்றிய சோயாவையும் மக்காச்சோளத்தையும் இயன்றவரை விலக்கிவிட்டதாக அங்கே அறிவித்தல் ஒட்டியிருந்தாராம்.

வரலாற்றில் ஊன்றி நோக்கவேண்டிய இடம் இதுவே. 1996 இல் பிரிக்க முடியாது என்று கூறப்பட்ட சோயா, 1999 இல் பிரிக்கப்பட்டது. அங்காடி நிறுவனங்கள் ஒன்றுகூடி, எந்நாட்டில் எந்த வயலில் மாற்றாத சோயா விளைகிறது என்று தேடின. பிரேசிலில் மரபணு மாற்றிய சோயாவை விதைப்பதற்கு அப்பொழுது சட்டப்படி அனுமதி இல்லை. ஆர்ஜென்ரீனாவிலிருந்து கள்ளமாக வந்த வித்து அந்நாட்டின் தென்பகுதியில் பரவியிருந்த போதிலும், ஏனைய பகுதிகளில் தூய தானியம் கிடைத்தது. வயலில் ஒரு சான்று, களஞ்சியத்தில் ஒரு சான்று, கப்பலேறும்போது ஒரு சான்று, ஆலை வாயிலில் மரபணுச் சோதனை என்று ஒரு சங்கிலி அமைக்கப்பட்டது. பெயரற்ற தானியத்துக்குப் பெயர் கிடைத்தது. அதற்குச் செலவு கூடியது. செலவை ஏற்போர் இருந்தமையால் காரியம் நடந்தது. இயலாது என்ற முன்னைய விடையின் உண்மைப் பொருள், அதற்கு விலைகொடுப்பார் இல்லை என்பதேயாகும்.

அந்த அலையிலே தக்காளிப் பேணியும் அடித்துச் செல்லப்பட்டது. முதல்நாள் தொட்டு உள்ளதை உள்ளபடி எழுதி விற்ற அப்பண்டம், எழுதாமல் வந்த இன்னொன்றன் பழியைச் சுமந்தது. செனெக்கா நிறுவனத்தார் இதனை அநீதி என்று கருதியிருந்தால் அவர்களைக் குறைகூற முடியாது.

கலத்தலின் ஆபத்து வீண்கற்பனை அன்று என்பதை அமெரிக்கா 2000 ஆம் ஆண்டில் அறிந்தது. ஸ்ரார்லிங் என்னும் மக்காச்சோள வகையில் இருந்த ஒரு புரதம் எளிதில் செரிப்பதில்லை. ஆகவே ஒவ்வாமை உண்டாக்கக்கூடும் என்று ஐயுற்ற அமெரிக்க அரசு, அச்சோளத்தைக் கால்நடை உணவுக்கும் தொழிற்சாலைகளுக்கும் மட்டுமே 1998 இல் அனுமதித்திருந்தது. அந்நாட்டுச் சோள நிலத்தில் அது நூற்றுக்கு ஒரு பங்கும் இல்லை. எனினும் 2000 செப்டெம்பரில், கடையில் வாங்கிய சோள அப்பங்களில் அதன் தடயம் இருந்ததைப் பொதுநல இயக்கங்கள் செய்வித்த சோதனை காட்டிற்று. 300 க்கு மேற்பட்ட பண்டங்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. யப்பானிலும் கொரியாவிலும்கூட அது தென்பட்டது. அதனை உண்டு நோயுற்றதாகக் கூறியவர்களின் குருதியைச் சோதித்த அரச நிறுவனம், அச்சோளமே காரணம் என்பதற்கு ஆதாரம் காணவில்லை என்று 2001 இல் அறிவித்தது. நல்லகாலம் என்றே சொல்லவேண்டும். மாட்டுக்கு மட்டும் என்று எழுதிக்கொடுத்த காகிதம் களஞ்சியத்தின் வாயிலைத் தாண்டவில்லை, தானியம் தாண்டிவிட்டது.

சட்டங்கள் இந்நிகழ்ச்சிகளின் பின்னாலேயே நடந்து வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் புதிய உணவுகள் பற்றிய விதியை 1997 இல் இயற்றி, 1998 இல் சோயாவுக்கும் மக்காச்சோளத்துக்கும் சுட்டுத்துண்டைக் கட்டாயமாக்கிற்று. தற்செயலாகக் கலப்பதற்கு நூற்றுக்கு ஒரு பங்கு வரை 2000 இல் விலக்களித்தது. 2004 ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் அவ்வளவை 0.9 ஆகக் குறைத்தன. அவ்விதிகளின் புதுமை வேறொன்றில் உண்டு. தூய்மையாக்கிய எண்ணெயில் மரபணுவும் புரதமும் எஞ்சுவதில்லையாதலால், எந்த வித்திலிருந்து வந்தது என்பதைச் சோதனைக்குழாய் காட்டித்தராது. அவ்வெண்ணெய்க்கும் சுட்டுத்துண்டு வேண்டும் என்றது புதிய விதி. அதனை நிறுவுவது ஆய்வுகூடம் அன்று. வயலிலிருந்து கைமாறி வரும் காகிதமே. ஆனால் மாற்றிய தீனியைத் தின்ற மாட்டின் பாலுக்கும் கோழியின் முட்டைக்கும் அவ்விதி பொருந்தாது. பிரித்தானிய அங்காடிகள் பல, தம் கோழிகளுக்கு மாற்றாத தீனியே கொடுக்கப்படும் என்று அளித்திருந்த உறுதியை 2013 இல் கைவிட்டன. மாற்றாத சோயா போதிய அளவு கிடைப்பதில்லை என்று அவை காரணம் கூறின.

அமெரிக்காவோ 1992 தொட்டே தனிச் சுட்டுத்துண்டு தேவையில்லை என்ற கொள்கையில் நின்றது. கலிபோர்ணிய மக்கள் 2012 இல் வாக்களித்துச் சிறு வேறுபாட்டால் அதனை நிராகரித்தனர். வெர்மன்ற் என்னும் சிறிய மாநிலம் 2014 இல் சட்டம் இயற்ற, அது 2016 யூலை முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. அம்மாத இறுதிக்குள் மத்திய சட்டமொன்று கையொப்பமிடப்பட்டு மாநிலச் சட்டத்தை விழுங்கியது. 2022 யனவரி முதல் அமெரிக்கா முழுவதும் அறிவித்தல் கட்டாயமாயிற்று. ஆயினும் மக்கள் முப்பதாண்டு பழகிய பெயர் அதில் இல்லை. ‘உயிர்ப்பொறியியல் உணவு’ என்னும் புதுச்சொல்லே உண்டு. கலப்புக்கு இடங்கொடுக்கும் எல்லை நூற்றுக்கு ஐந்து.

இலங்கையும் இவ்வரலாற்றில் ஓர் இடம் வகிக்கின்றது. மரபணு மாற்றிய உணவுகளின் இறக்குமதியையும் விற்பனையையும் முற்றாகத் தடைசெய்யும் விதிகளை இலங்கை 2001 இல் வெளியிட்டது. அவ்வாறு துணிந்த நாடுகள் அந்நாளில் மிகச் சிலவே. மே மாதத்தில் தொடங்கவிருந்த தடை செப்டெம்பருக்குத் தள்ளப்பட்டது. பின்னர் காலவரையறையின்றி நிறுத்திவைக்கப்பட்டது. ஏற்றுமதி நாடுகள், சிறப்பாக அமெரிக்கா, அதனை எதிர்த்தன. உலக வர்த்தக நிறுவனத்தின் விதிகள் குறுக்கே நின்றன. சோயாவையும் சோளத்தையும் பேணியுணவையும் பிறநாடுகளிலிருந்து வாங்கும் சிறிய நாடொன்று, பெயரற்ற தானியத்தின் பெருவெள்ளத்தைத் தனியே மறிப்பது எளிதன்று. அதன்பின், உணவுச் சட்டத்தின் கீழ் 2006 இல் புதிய ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டு, 2007 யனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தன. முற்றாகத் தடுப்பது கைவிடப்பட்டு, பிரதான உணவு அதிகாரியின் அனுமதியும் சுட்டுத்துண்டும் கேட்கப்பட்டன. கலப்பின் எல்லை நூற்றுக்கு 0.5, ஐரோப்பாவினதிலும் இறுக்கமானது.

இவற்றை விலக்க விரும்புவோர் எதைப் பார்ப்பது? முதலில், அஞ்சவேண்டாதவற்றை ஒதுக்கிவிடலாம். கடைகளில் விற்கும் அரிசி, மைசூர்ப் பருப்பு, பயறு, தேங்காய், மரவள்ளி ஆகியவற்றில் மரபணு மாற்றிய வகை வணிகத்துக்கு வருவதில்லை. இலங்கையில் அத்தகைய பயிர் எதுவும் வணிக முறையிற் செய்கைபண்ணப்படுவதுமில்லை. கத்தரியில் அத்தகைய வகை வங்காள தேசத்தில் 2014 முதல் பயிராகிறது. பப்பாசியில் அது ஹவாயிலும் சீனாவிலும் உண்டு. கோதுமை நெடுங்காலம் இவ்வட்டத்துக்கு வெளியே நின்றது. அண்மை ஆண்டுகளில் தென் அமெரிக்காவில் வறட்சி தாங்கும் வகையொன்றை விதைக்கத் தொடங்கியுள்ளனர். உலக வணிகத்தில் பெருவாரியாக ஓடும் மரபணு மாற்றிய பயிர்கள் சோயா, மக்காச்சோளம், பருத்தி, கனோலா என்னும் நான்குமே. அமெரிக்காவில் சீனிக்கிழங்கும் அவற்றோடு சேரும். ஆகவே கவனிக்கவேண்டிய இடம் மரக்கறிக் கடை அன்று. பொதிகளும் பேணிகளும் அடுக்கிய தட்டு. சோயா மீற், சோயாப் புரதம், சோள மா, சோளப்பாகு, பருத்திவிதை எண்ணெய், கனோலா எண்ணெய், ஈ 322 என்று குறிக்கப்படும் இலெசிதின் என்பன அங்கே தேடவேண்டிய சொற்கள். சேதன முறையில் விளைந்தது என்று முறையான சான்றிதழ் பெற்ற பண்டமாயின் மரபணு மாற்றிய வித்தை அது அனுமதிப்பதில்லை. உப்புப் பொதியிலும் தண்ணீர்ப் போத்தலிலும் ‘மரபணு மாற்றம் அற்றது’ என்று பெருமையாக எழுதியிருப்பதைக் கண்டு கூடுதல் விலை கொடுக்கவேண்டியதில்லை. உப்புக்கு மரபணுவே இல்லை.

வெளிநாட்டுப் பழங்களில் ஒட்டியிருக்கும் சிறு ஒட்டுத்துண்டைப் பற்றியும் ஒரு கதை உலவுகின்றது. அதிலுள்ள ஐந்திலக்க எண் 8 இல் தொடங்கினால் பழம் மரபணு மாற்றியது என்பர். அப்படியொரு எண்வரிசை அத்தேவைக்காக ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்டது உண்மையே. ஆனால் அது கட்டாயமன்று. எந்தக் கடையிலும் அது புழக்கத்துக்கு வரவில்லை. அவ்வொதுக்கீட்டையும் பின்னர் நீக்கிவிட்டனர். தோடம்பழத்திலும் அப்பிளிலும் 8 ஐத் தேடி நிற்பவர், இரண்டு தட்டுத் தள்ளிச் சென்று, சொக்கலேற்றுப் பொதியின் பின்புறத்திலுள்ள சிறிய எழுத்துகளைப் படிப்பாராயின் கூடுதலாக அறிந்துகொள்வார்.